மாசி இரவு, மூன்று மணி, தெற்கே

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டிச் சாமை அறுத்து முடித்திருந்த ஒரு மேட்டுநிலத்தில் நானும் நண்பரும் டெலஸ்கோப்பை இறக்கினோம். நிலத்துக்காரரிடம் பகலிலேயே கேட்டு வைத்திருந்தேன். தெற்கே மரமோ மலையோ மறைக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

"தெக்கால பாக்கணும்னா இந்த மேடுதான் சார். ராத்திரியில அங்க என்னா இருக்கு?"

"ஒரு கோடி நட்சத்திரம், பெரியவரே. ஒரே இடத்துல."

சிவராத்திரி நாளாயிற்றே, விரத மயக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கணக்கு உண்மைதான். ஒமேகா சென்டாரி என்னும் கோள விண்மீன் கொத்தில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். நமக்கும் அதற்கும் சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். 1603-இல் ஜெர்மானியரான பேயர் தம் வான வரைபடத்தில் இதை ஒற்றை விண்மீனாகவே எண்ணி ஒமேகா என்று குறித்தார். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கில வானியலாளர் ஹாலிதான் இது வெறும் விண்மீன் அல்ல என்று கண்டுகொண்டார். அவருடைய லண்டனில் உட்கார்ந்து எத்தனை காலம் காத்திருந்தாலும் இது அடிவானத்துக்கு மேலே வராது. நமக்கு வரும். கொத்து இருப்பது வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 47½ பாகையில். ஜவ்வாது மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12½ பாகையில். இரண்டையும் கூட்டி 90-இல் கழித்தால் 30. அதுதான் உச்ச உயரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி. இதே மலையின் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு ஒரு வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு, இங்கிருந்து தென்வானமும் எட்டும் என்பதும் ஒரு காரணம். அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது.

கொத்தை எந்த மாதம் பார்ப்பது என்பதில்தான் எனக்கும் புத்தகங்களுக்கும் தகராறு. மே மாதம் என்று எழுதியிருப்பார்கள். மே மாத நடுவில் இரவு பத்து மணி வாக்கிலேயே உச்சத்துக்கு வந்துவிடும், தூக்கம் கெடாது, வாஸ்தவம். ஆனால் நம் ஊர்க் கோடையில் அடிவானம் முழுக்கப் புழுதியும் வெக்கையும். மலை என்றால் சாயங்காலமே இடிமேகம் திரண்டுவிடும். 30 பாகை உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, தலைக்கு மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்துதான் கண்ணுக்கு வரும். அந்தக் காற்று சுத்தமாக இல்லாவிட்டால் போட்ட திட்டமெல்லாம் வீண். சித்ரா பௌர்ணமியோ இன்னும் மோசம்: முழுநிலா கொத்துக்கு நேர் மேலே உள்ள வானத்திலேயே நிற்கும். மாசியில் மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். சிவராத்திரி என்றால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அமாவாசை; விடியும் தறுவாய் வரை நிலா தலைகாட்டாது. இதற்கு மொபைல் செயலி எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும்.

இரவு பத்து மணிக்கே கொத்து உதித்துவிட்டது. ஆனால் அது எழும் தென்கிழக்கில் திருவண்ணாமலையின் வெளிச்சம் வெளிறிக் கிடந்தது. சிவராத்திரியன்று அந்த ஊரை விளக்கை அணைக்கச் சொல்ல முடியுமா? நேர் தெற்கில் இருப்பது செங்கம், சின்ன ஊர். கொத்து அங்கே நகர்ந்து வரும்வரை பொறுத்திருந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. பனி இறங்கி லென்ஸில் படியாமலிருக்க அடிக்கடி மூடி போட வேண்டியிருந்தது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தோம். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும்.

மூன்று மணி ஆகிறபோது சித்திரை நட்சத்திரம் தெற்கு வானில் உயர நின்றது. கொத்தும் அதுவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சிக்கோட்டைத் தொடுபவை. அதிலிருந்து நேராகக் கீழே மூன்றரை முஷ்டி இறங்கினேன். வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு விண்மீன், கொஞ்சம் ஊதியதுபோல. பைனாகுலரில் அது வட்டமான பஞ்சுத் திப்பி.

எட்டு அங்குல டெலஸ்கோப்பில் வைத்தபோது நண்பர் வாயடைத்துப் போனார். முழுநிலாவைவிடச் சற்றே அகலமான வட்டம் ஐபீஸை நிறைத்தது. நேராகப் பார்த்தால் வெறும் புகை. பார்வையைச் சற்று ஓரத்துக்குத் திருப்பியதும் விளிம்பிலிருந்து பொடிப்பொடியாக உடையத் தொடங்கியது. பிறகு நடுப்பகுதிவரை பொடிதான். இந்த நடுப்பகுதியில் தறிகெட்டு விரையும் ஏழு விண்மீன்களை ஹபிள் படங்களில் கண்டறிந்து, அவற்றைப் பிடித்து வைத்திருப்பது குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை என்று 2024-இல் அறிவித்தார்கள்.

அடுத்து 47 டுகானி என்றார் நண்பர், ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே. அந்தக் கொத்து இன்னும் தெற்கே, 72 பாகையில். இந்த மேட்டில் அரை முஷ்டிதான் ஏறும். கன்னியாகுமரிக்குப் போனால் ஒரு முஷ்டி. முன்னிரவில் அது உச்சத்துக்கு வருவது ஐப்பசி கடைசியில். அப்போது அங்கே மழை கொட்டும். புரட்டாசி நள்ளிரவுக்கு ஒரு அறை பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், கடலைப் பார்த்துத் தெற்கு முகமாக ஜன்னல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.