அங்கணத்து நீர்

எங்கள் பங்கு இல்லத்துச் சமையற்கட்டின் பின்புறம், பாத்திரம் துலக்கிய நீர் வடிந்தோடச் சிறு சாக்கடை ஒன்று உண்டு. இத்தகைய இடத்தை நம் முன்னோர் அங்கணம் என்றனர். தமக்கொப்பானவர் அல்லாதார் அவையில் பேசுவது அங்கணத்தில் சிந்திய அமுதம் போன்றது என்னும் வள்ளுவர் கருத்தை மறையுரைகளில் பன்முறை எடுத்தாண்டிருக்கிறேன். கவனமின்றிக் கேட்போரைக் கடிந்துகொள்ள அது எனக்கு உதவிற்று. ஆனால் என் வீட்டு அங்கணத்தை நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

நாற்றம் மிகும் நாள்களில் பினாயில் ஊற்றச் சொல்வேன். சமையல் செய்பவர் கொதிநீரும் ஊற்றுவார். ஓரிரு நாள் நாற்றம் அடங்கும். "நம் சாக்கடை சுத்தமாகிவிட்டது" என்று மகிழ்வோம்.

ஒருநாள், மதிலுக்கு அப்பால் வாழும் கைம்பெண் ஒருவரின் நோயுற்ற தாயாருக்கு நற்கருணை கொண்டுசென்றேன். சித்திரை வெயிலிலும் அவ்வறையின் சன்னல் அடைத்தே இருந்தது. ஆயினும் எனக்கு நன்கு பழக்கமான நாற்றம் அங்கே நிறைந்திருந்தது. "ஏனம்மா, சன்னலைத் திறப்பதில்லையா?" என்றேன். "பழகிப்போச்சு சாமி" என்றார் மகள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. குருவிடம் குறை சொல்லலாகாது என்னும் மரியாதை அவர் வாயை அடைத்திருந்தது. ஆண்டவரின் திருவுடலை ஏந்தி நான் நுழைந்த அறைக்குள், என் அடுக்களை அழுக்கு எனக்கு முன்பே நுழைந்திருந்தது!

மறுநாள் கொத்தனார் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "வாட்டமே இல்லை சாமி" என்றார். அரசலாறு கடலைச் சேரும் இக்காரைக்கால் மண் தட்டையானது. நீர் தானாக ஓடாது. தேங்கிய கஞ்சியும் மீன் கழுவிய நீரும் காற்றின்றி அழுகும்போது அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. நாங்கள் ஊற்றிய கொதிநீர் எண்ணெய்ப் பிசுக்கை உருக்கி அப்பால் தள்ளியதேயன்றி அழிக்கவில்லை. அது குளிர்ந்து உறைந்த இடமோ அந்தத் தாயின் சன்னலடி! யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு பெருகுவதும் இத்தகைய அழுக்கு நீரில்தான்.

வேலையாளைத் தேடாமல், மண்வெட்டியுடன் நானே இறங்கினேன். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுத்துச் சாக்கடையைத் திருப்பினோம். சோற்றுப் பருக்கையைத் தடுக்க ஒரு சல்லடையும், பிசுக்கு மிதந்து தங்க ஒரு சிறு தொட்டியும் வைத்தோம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சுகுழி நிரம்பிவிடுமாதலால், மேட்டுப்பாத்தியில் வாழையும் கல்வாழையும் நட்டு நீரை அங்கே விட்டோம். தொட்டியின் பிசுக்கை வாரந்தோறும் அள்ளிப் புதைப்பது இப்போது என் வேலை.

பழைய ஆலயங்களின் திருப்பொருள் அறையில் ஒரு தனித் தொட்டி இருக்கும். திருமேனித் துகிலை முதலில் அலசிய நீரை அதில் ஊற்றுவர். அந்நீர் பொதுச் சாக்கடையில் கலவாமல், நேரே மண்ணுக்குள் இறங்கும். குருமடத்தில் இதைக் கற்றபோது, தூய நீருக்குரிய வணக்கம் என்று மட்டும் எண்ணினேன். நாம் பயன்படுத்திய நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று இறுதிவரை பார்ப்பதும் வழிபாட்டின் பகுதியே என்று இன்று உணர்கிறேன். பீடத்து நீருக்கு அவ்வளவு கவனம் செலுத்திய நான், அடுக்களை நீரை அயலார்மீது விட்டிருந்தேன்.

அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதுக்குப் போயா சாமி!" என்று கண் கலங்கினார். அவருடைய மரியாதையே என்னைக் கூடுதலாகச் சுட்டது.

அன்பர்களே, நம் வீடு தூய்மையாயிருக்கிறதா என்று ஆன்ம சோதனை செய்கிறோம். அதன் அழுக்கு யாருடைய சன்னலை அடைக்கிறது என்றும் கேட்போமாக. பாதிக்கப்பட்டவர் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பலர் சொல்லவே மாட்டார்கள்.