ஈர்க்குச்சி நுனியில் ஒரு வேட்டை

பகல் பதினொரு மணி. எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட அடுக்கக வீடு. சோபாவில் சுருண்டு கிடக்கும் பூனை கண்ணைத் திறக்கிறது. சமையலறை வரை நடந்து காலித் தட்டை முகர்கிறது. சன்னல் திட்டில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்கிறது. மாலையில் வீடு திரும்புகிறவர்கள், "உனக்கென்ன ராஜா, தின்பதும் தூங்குவதும்தானே!" என்று கொஞ்சுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அதே ராஜா போர்வைக்குள் அசையும் கால் விரலைக் கவ்வுகிறது. கூடத்துக்கும் அறைக்குமாகத் தடதடவென்று ஓடுகிறது.

பேய் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். பகலெல்லாம் செலவாகாமல் கிடந்த வேட்டை வேகம்தான் அது.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் மனிதரோடு புதைக்கப்பட்டுக் கிடைத்த பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டுப் பழையது. இவ்வளவு நீண்ட உறவிலும் பூனையின் தொழில் மாறவில்லை. நாயை ஆடு மேய்க்கவும் காவல் காக்கவும் பழக்கிய மனிதர், பூனையிடம் எலி பிடிப்பதை மட்டும்தான் எதிர்பார்த்தார்கள். அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தானே இரை தேடும் பூனை ஒரு நாளில் பத்து முதல் இருபது முறை சிறிது சிறிதாகச் சாப்பிடும். ஒவ்வொரு வாய்க்கும் பதுங்கல், காத்திருப்பு, பாய்ச்சல். காலையும் மாலையும் கிண்ணத்தில் கொட்டும் உணவு வயிற்றை நிரப்பிவிடும். அந்த உழைப்புக்கு உரிய மணி நேரங்கள் வெறுமையாகவே நிற்கும்.

முழுநேரமும் வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை என்பதே அண்மைக் காலத்து வழக்கம். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், மணலுக்குப் பதிலாக ஈரம் உறிஞ்சும் களிமண் துகள்களைப் பூனையின் மலத்தொட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். வாடையும் அழுக்கும் குறைந்தன. அந்தத் துகள்கள் பெரிய வணிகமாகி, அதன்பின் பூனையை வெளியே விடாமலே வளர்ப்பது எளிதாயிற்று. நம் ஊர் ஓட்டு வீட்டில் பூனைக்கு யாரும் பொழுதுபோக்குத் தேடித் தந்ததில்லை. பரண் இருந்தது, மதில் இருந்தது, வைக்கோல் போரும் நெற்குதிரும் இருந்தன. அடுக்ககத்தில் அவை எதுவும் இல்லை. வாகனம், தெருநாய், தொற்றுநோய் என்று வெளியே ஆபத்து நிறைய இருப்பதால் கதவைச் சாத்துவது சரியான முடிவுதான். ஆனால் சாத்தியவருக்கு ஒரு கடமை சேர்ந்துவிடுகிறது.

சலிப்பு வெறும் மனக்குறையாக நிற்பதில்லை. ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும், காரணம் தெரியாமல் சிறுநீர்ப்பை அழற்சி வந்த 46 வீட்டுப் பூனைகளின் சூழலை மாற்றிப் பார்த்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறவும் ஒளியவும் இடம், விளையாட்டு, மனிதரோடு நல்ல பழக்கம் என்று வாழ்க்கையைச் சீர்செய்ததில் நோயின் அறிகுறிகள் குறைந்தன. பயமும் பதற்றமும் கூடவே குறைந்தன. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: கடுவன் பூனை மலத்தொட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது விளையாட்டால் தீரும் விஷயமல்ல. அடைப்பு உயிரைப் பறிக்கும். அந்த மணிநேரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

சலிப்பு என்றதும் பலர் கடைக்கு ஓடிக் கூடை நிறையப் பொம்மை வாங்கி வருகிறார்கள். இரண்டாம் நாளே அவை சோபாவுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும். பூனையைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷாவும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொம்மையை அடுத்தடுத்து நீட்டியபோது பூனைகளின் ஆர்வம் வடிந்துகொண்டே போனது. தன்மை மாறிய வேறு பொம்மையை நீட்டிய உடனே ஆட்டம் புதிதாகத் தொடங்கியது. பூனைக்குச் சலித்தது ஆட்டம் அல்ல, பொம்மை. ஆகவே நான்கு பொம்மை இருந்தால் மூன்றைப் பெட்டியில் பூட்டிவைத்து மாற்றி மாற்றி எடுப்பதே நல்லது.

அந்தப் பொம்மைக்குக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. தென்னந்துடைப்பத்திலிருந்து நீளமான ஓர் ஈர்க்குச்சி, கண்ணில் குத்தாதபடி அதன் நுனியில் சுற்றிக் கட்டிய துணி. இவ்வளவு போதும். ஆட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலியும் பூனையின் வாயை நோக்கி ஓடி வராது. தவிர, மூக்குக்கு மிக அருகே இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரிவதும் இல்லை. விலகி ஓடவேண்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறையவேண்டும், அசையாமல் நின்றுவிட்டுச் சட்டென்று துடிக்கவேண்டும். பூனை தரையோடு தரையாக ஒட்டி, பின்புறத்தை அசைத்துக் குறிபார்க்கும் அந்த அரை நிமிடத்தில் குச்சியை ஆட்டாமல் பொறுத்திருக்க வேண்டும். வேட்டையின் பெரும்பகுதி காத்திருப்புதான். கடைசியில் அதன் கையில் சிக்கவிட்டு, ஒரு துண்டு மீனோ கோழியோ கொடுத்து முடிக்கலாம். லேசர் ஒளிப்புள்ளியில் இந்த முடிவு கிடையாது. எவ்வளவு துரத்தினாலும் கையில் எதுவும் அகப்படாது. அதையே ஆட்டமாக வைத்துக்கொள்வது பூனைக்கு நியாயம் செய்வதல்ல.

இதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். எக்சிட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே போய்வரும் 355 பூனைகள் பங்கெடுத்தன. தினமும் அவ்வளவு நேரம் விளையாடிய பூனைகள் வெளியிலிருந்து பிடித்து வந்த இரைகளின் எண்ணிக்கை 25 சதவீதம் குறைந்தது.

மற்றவை வீட்டிலேயே இருக்கின்றன. பீரோவின் மேல் ஒரு பழைய துண்டை விரித்தால் அதுதான் பரண். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்தால் ஒளியிடம். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவை விரைவாகப் பதற்றம் தணிந்தன. காக்கைக்குச் சோறு வைக்கும் பால்கனி பூனைக்கு நாள்தோறும் நடக்கும் நாடகம். அங்கே வலை கட்டாயம். புறாவுக்காகக் கட்டிய மெல்லிய நைலான் வலையைப் பூனை கிழித்துவிடும், உறுதியானது வேண்டும்.

மணமும் ஓர் உலகம். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிய செடியை முகர்ந்து பூனைகள் உரசி உருள்வதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. கழுவிய வேரைச் சில நிமிடம் முகரக் கொடுத்துவிட்டு எடுத்துவிடலாம், தின்ன விடக்கூடாது.

நூலில் மட்டும் அலட்சியம் கூடாது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. வாயில் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது. பூச்சரத்தின் நூல், ஊசி கோத்த தையல் நூல், ரப்பர் பேண்ட் எல்லாம் குடலை அறுக்கக்கூடியவை. சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய சரம் நேரே மூடியுள்ள குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஈர்க்குச்சியும் அலமாரிக்குள் போகவேண்டும்.

இன்று மாலை துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிப் பாருங்கள். காபி ஆறுவதற்குள் ஒரு வேட்டை முடிந்துவிடும்.