பரிசுத் தம்ளர்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே செய்யாற்றங்கரையிலுள்ள மாகறல் எமது ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அங்கே வாடகைக்கு எடுத்த ‘டெக்’கில் யாம் கண்ட படமொன்று இன்றும் நினைவில் நிற்கிறது. 1983இல் ஹாங்காங்கில் சிங் சியூ துங் இயக்கிய ‘டூயல் டு தி டெத்’ என்பது அது. பத்தாண்டுக்கு ஒருமுறை சீனத்தின் தலைசிறந்த வாள்வீரனும் ஜப்பானின் தலைசிறந்த வாள்வீரனும் பொருதுவர். எமக்கு மொழி விளங்கவில்லை, கட்சி விளங்கிற்று. சிறுவர் அனைவரும் சீனன் பக்கமே. சாவோலின் போர்க்கலையைக் கற்பித்தவர் காஞ்சியின் போதிதருமர் அல்லவா? சீனன் வென்றால் பங்காளி வென்ற கணக்கு! இருவருமே உடல் சிதைந்து நிற்கப் படம் முடிந்தபோது, வென்றவர் யாரென்று விடியும்வரை வழக்காடினோம்.

மறு ஆண்டு பள்ளிப் பேச்சுப் போட்டியில் அதே போதிதருமரை முழங்கி, முதற் பரிசாக எவர்சில்வர் தம்ளர் ஒன்று பெற்றோம்.

2011 தீபாவளிக்கு ‘7ஆம் அறிவு’ வெளிவந்தது. பல்லவ இளவரசர் போதிதருமராகச் சூர்யா சீனம் சென்று மருத்துவமும் போர்க்கலையும் கற்பிக்கிறார். நம் காலத்தில் சீனத்திலிருந்து வரும் டோங் லீயை அவர்தம் வழித்தோன்றல் எதிர்கொள்கிறான். (அச்சீனராக நடித்தவர் வியட்நாமில் பிறந்தவர் என்பது தனிக்கதை.) விடுமுறை முடிந்து வகுப்பினுள் நுழைந்த எம்மை மாணவர் மொய்த்தனர்.

“ஐயா, எல்லாம் உண்மைதானே? நீங்கள் காஞ்சிபுரத்துக்காரராயிற்றே!”

ஆமென்று சொல்ல நா எழுந்தது. ஆயினும் நூல் பார்த்துச் சொல்வதாக ஒரு வாரத் தவணை கேட்டோம்.

நூல்கள் எம்மிடம் இரக்கம் காட்டவில்லை. லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி 547ஆம் ஆண்டளவில் எழுதிய யாங் சுவான்சி, போதிதருமரைப் பாரசீகர் என்கிறார். தான்லின் என்பார் தென்னிந்திய அரசரொருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சியின் பெயர் அங்கில்லை, அது பின்வந்தோர் கூறியது. சாவோலின் மடமோ பத்துவோ என்னும் வேறோர் இந்தியத் துறவிக்காக எழுப்பப்பட்டது. போதிதருமரின் பெயரால் உடற்பயிற்சி கூறும் ‘யிச்சின் சிங்’ 1624ஆம் ஆண்டினது; அவருக்கு ஓராயிரம் ஆண்டு பிந்தியது.

அனைத்தையும் வகுப்பில் உரைத்தோம். தென்னிந்தியர் என்பதற்கு இடமுண்டு, குங்ஃபூ தந்தார் என்பதற்குச் சான்றில்லை என்றபோது மாணவர் முகங்கள் வாடின. எமது பேச்சுப் போட்டியையும் மறைக்கவில்லை.

கடைசி வரிசையில் நெசவாளர் வீட்டுப் பிள்ளையொருவன் எழுந்தான்.

“அப்படியானால் அந்தத் தம்ளர், ஐயா?”

வகுப்பு சிரித்தது, யாமும் சிரித்தோம். தம்ளர் மாகறலில் எம் அன்னையின் அடுக்களையில்தான் உள்ளது. விடுமுறைக்குச் செல்லுந்தோறும், தேடி எடுத்து அதில்தான் தேநீர் தருகிறார்.