கடிக்கிற செருப்பை வைத்துக்கொள்வதா?

இந்த வாரம் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து ஒரு ஜோடி செருப்பைப் பற்றி. சிரிக்காமல் கேளுங்கள் மக்களே.

முதலில் என் காலின் வரலாறு. இருபது வருஷத்துக்கும் மேலாக பேங்க் உத்தியோகம். கறுப்பு லேஸ் ஷூ, சாம்பல் சாக்ஸ். ஞாயிற்றுக்கிழமை லோஹேகாவில் காய்கறி வாங்கப் போனால் ரப்பர் செருப்பு. மூன்றாவதாக ஒன்று என் காலில் ஏறியதே இல்லை.

போன மாதம் எங்கள் கிளையில் பியூன் ஒருவர் ஓய்வு பெற்றார். சொந்த ஊர் கோலாப்பூர் பக்கம். கடைசி நாள் ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே தேன் நிறத்தில் ஒரு ஜோடி கோலாப்பூரி. சித்தப்பா மகன் கையால் தைத்ததாம். "பஹிலே ஆட் திவஸ் சாவேல், ஸாஹேப்" என்றார். முதல் எட்டு நாள் கடிக்கும் என்று அர்த்தம். மராட்டியிலும் செருப்பு கடிக்கத்தான் செய்யும் போலிருக்கிறது :-)

வீட்டில் தங்கமணி, "போட மாட்டீங்கன்னா யாருக்காவது கொடுத்துடுங்க, ஷூ ரேக்ல இடமில்லை" என்றார். பையன், "அப்பா, நீங்க போட்டா மாறுவேஷப் போட்டி மாதிரி இருக்கும்" என்றான். அவன் சொன்னதுதான் உறுத்தியது. பதினைந்து வருஷம் புனேயில் இருந்தும் பக்கத்து பில்டிங்காருக்கு நான் இன்னும் 'மத்ராஸி' தான். அவர்கள் ஊர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் உரிமை கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடுமோ?

பி.காம். படித்தவன் புத்தி, பற்று வரவு எழுதாமல் முடிவெடுக்காது.

பற்று: புனே மழைக்கு ஆகாது. நனைந்தால் தோல் ஊறி உருக்குலைந்துவிடும். விமான நிலையச் சாலையில் ஜூலை மாதம் போட்டுக்கொண்டு போனால் திரும்பி வரும்போது வெறுங்கால்தான். நடந்தால் 'கர்கர்' சத்தம் வேறு. கஸ்டமர் தலை தூக்கிப் பார்ப்பார்.

வரவுப் பக்கம்தான் நீண்டுவிட்டது. இதில் ஆணி கிடையாது, தோல் வாரையே நூலாக வைத்துத் தைக்கிறார்கள். தோலைப் பதப்படுத்துவது கருவேலம் பட்டையிலும் கடுக்காயிலும். நான் வேலூர் ஜில்லாக்காரன். எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் முன்பெல்லாம் ஆவாரம்பட்டை. பட்டைதான் வேறு, வேலை ஒன்றே. அந்த வாசனை எனக்கு அந்நியமில்லை.

உரிமை விஷயத்துக்கு வருவோம். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிராவில் 4 மாவட்டம், கர்நாடகாவில் 4 மாவட்டம். ஆக 'கோலாப்பூரி' என்ற பெயரிலேயே கன்னடக்காரருக்குப் பாதி பங்கு! 2025 ஜூனில் மிலன் நகர ஃபேஷன் ஷோவில் பிராடா கம்பெனி இதே ஜாடையில் செருப்பைக் காட்டியது, இந்தியாவின் பெயரைச் சொல்லாமல். இங்கே கொதித்தார்கள். பிறகு கம்பெனி ஒப்புக்கொண்டது. அதே டிசம்பரில் இரு மாநில அரசு நிறுவனங்களோடு பேசி 2,000 ஜோடி இங்கேயே செய்யப்போவதாக அறிவித்தார்கள். ஜோடி சுமார் 800 யூரோ. நம் பணத்தில் எண்பதாயிரத்துக்கு மேல்.

அந்தச் சண்டை, செய்தவன் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காக வந்தது. அயலான் காலில் போட்டதற்காக வரவில்லை. எனக்கோ செய்தவர் யாரென்று தெரியும், கொடுத்தவரையும் தெரியும். தோல் தொட்டவனைத் தள்ளி நிறுத்திய நாட்டில், தன் சொந்தக்காரர் கைவேலையைப் பெருமையாக ஆபீசருக்குக் கொடுத்திருக்கிறார் ஒரு மனிதர். அதைக் காகிதத்தில் சுற்றிப் பரணில் போட்டால் அவருக்கு என்ன மரியாதை? வேறொருவருக்குக் கொடுத்தால் அதைவிட மோசம்.

வேஷம் என்ற பேச்சுக்கும் பதில் கிடைத்தது. என் தாத்தா ஆயுசில் லேஸ் கட்டியதில்லை. அவரிடம் கேட்டால் என் கறுப்பு ஷூவைத்தான் வெள்ளைக்காரன் வேஷம் என்றிருப்பார். பழகினால் எதுவும் நம்முடையதுதான்.

ஆகவே தீர்ப்பு: செருப்பு நம் வீட்டில்தான் இருக்கும். நிபந்தனைகள் உண்டு. கவுண்டருக்குக் கறுப்பு ஷூவே. இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் லீவு, அன்று கோலாப்பூரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கும் லீவு. வாரில் அவ்வப்போது தேங்காயெண்ணெய் தடவுவது என் வேலை, தங்கமணியின் வேலை இல்லை (இது தங்கமணி சேர்த்த ஷரத்து).

எட்டு நாளில் ஐந்து நாள் முடிந்திருக்கிறது. இடது கால் சுண்டுவிரலில் பிளாஸ்திரி. நேற்று லிஃப்டில் பக்கத்து பில்டிங்கார் கீழே பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று கேட்டார். கடை இல்லை, எங்கள் கிளையில் இருந்தவரின் தம்பி தைத்தது என்றேன்.