புகாராவும் ரங்கூனும்



மூங்கில்துறைப்பட்டில் மஃரிபுக்குப் பின் நடைபெறும் நமது மக்தப் வகுப்பில், ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். “ஹஜ்ரத், இமாம் புகாரீ எந்த நாட்டுக்காரர்?” என்று மாணவர் ஒருவர் வினவினார். “உஸ்பெகிஸ்தான்” என்று உடனே விடையளித்துவிட்டோம்.

இரவில் அந்த விடை நம் நெஞ்சை உறுத்தியது. இமாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 194இல், அதாவது கி.பி. 810இல், புகாரா நகரில் பிறந்தபோது அப்பாஸிய கிலாஃபத் நடந்துகொண்டிருந்தது. உஸ்பெகிஸ்தான் என்னும் பெயரில் ஒரு குடியரசு சோவியத் ஆட்சியில் 1924இல்தான் அமைந்தது. அது தனி நாடானது 1991இல்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நம் நன்னிமா 1935இல் ரங்கூனில் பிறந்தவர்கள். 1942இல் போருக்கு அஞ்சிப் பர்மாவை விட்டு வெளியேறிய மக்களோடு சிறுமியாகத் தமிழகம் வந்தார்கள். முதுமையில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, பிறந்த ஊரைப் பார்த்த எழுத்தர், “அப்படியானால் நீங்கள் பர்மாக்காரரா?” என்று கேட்டார். நன்னிமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மௌனமாக நின்றார்கள். உடன் சென்ற நாமும் பதிலறியாது நின்றோம்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: 1937 ஏப்ரல் 1 அன்று பிரிக்கப்படும் வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1935இல் ரங்கூனில் பிறந்த குழந்தையும் கடலூரில் பிறந்த குழந்தையும் சட்டத்தின் பார்வையில் பிரிட்டிஷ் பிரஜைகளே. இந்தியக் குடியுரிமை என்பது, அரசியல் சாசனத்தின் குடியுரிமைப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்த 1949 நவம்பர் 26 முதல் ஏற்பட்டது. நன்னிமாவின் பெற்றோர் தமிழகத்தில் பிறந்தவர்கள். நன்னிமா நிலையாகக் குடியிருந்ததும் இங்கேயே. சாசனத்தின் 5ஆம் பிரிவின்படி அவர்கள் இந்தியக் குடிமகளாவதற்கு அதுவே போதுமானது.

பிறந்த ஊர் வேறு, அன்றைய ஆட்சி வேறு, பின்னர் அமைந்த குடியுரிமை வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவது வரலாற்றுப் பிழை மட்டுமன்று. உயிரோடிருக்கும் ஒரு மனிதரை அவருடைய வீட்டிலேயே அந்நியராக்கிவிடும் அநீதியும் ஆகும். நம் முன்னோர் இமாமை ஊரின் பெயராலேயே ‘புகாரீ’ என்று அழைத்தார்கள். ஆட்சிகள் பல மாறியும் அப்பெயர் பிழையாகவில்லை.

மறுநாள் மாணவர்களிடம் நம் தவறைச் சொல்லித் திருத்தினோம். “நாம் பிறந்தபோது இவ்வூர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. ஊர் நகர்ந்ததா?” என்று கேட்டோம். “இல்லை ஹஜ்ரத்!” என்று சிரித்தார்கள். பாடம் புரிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

நன்னிமா வஃபாத்தாகிவிட்டார்கள். நம் குடும்ப ஏட்டில் இப்போது இவ்வாறு எழுதி வைத்திருக்கிறோம்: “பிறப்பு: ரங்கூன், அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. குடியுரிமை: இந்தியா.” ரங்கூனிலோ கொழும்பிலோ பினாங்கிலோ பிறந்த பெரியவர்கள் உங்கள் இல்லத்தில் இருந்தால், ஊர், ஆண்டு, அன்றைய ஆட்சி மூன்றையும் அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். சாட்சியமும் ஓர் அமானிதமே.