இன்று வேண்டாம்

தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்குப் பெருந்தீ புதிதன்று. வில்லிபாரதத்தில் காண்டவ வனம் எரிந்ததற்கென்றே ஒரு சருக்கம் உண்டு. சிலம்பிலோ, மதுரையைச் சுடப் புகுந்த தீக்கடவுளுக்குக் கண்ணகி எல்லை வகுத்துத் தருகிறாள். அந்தணர், அறவோர், ஆவினம், கற்புடை மகளிர், முதியோர், பிள்ளைகள் ஆகியோரை விலக்கிவிட்டுத் தீயவர் பக்கம் மட்டுமே செல்க என்பது அவள் ஆணை. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுந்ததுண்டு. மூட்டிய தீ சொன்னபடி கேட்குமா?

ஓரளவு கேட்கும் என்று காட்டியவர் நம் பழைய மாணவர் ஒருவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தாவரவியல் பயின்றவர்; நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் மட்டுமே கற்றார். இன்று அவர் நீலகிரி மாவட்டத்தில் வனவர். ஐம்பூதத் தலங்களில் காஞ்சி மண்ணுக்குரியது, நெருப்புக்குரியது அண்ணாமலை. மண்தலத்துப் பிள்ளை நெருப்பு வேலைக்குப் போயிருக்கிறாரே என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னோம். "வந்து பாருங்கய்யா" என்றார். உரிய அனுமதி பெற்று, ஒரு தை மாதத்தில் மசினகுடிப் பக்கம் சென்று மூன்று நாட்கள் தங்கினோம்.

அங்கே கோடைக்கு முன் செய்யப்படும் பணிக்குத் தீத்தடுப்புக் கோடு போடுதல் என்று பெயர். சாலையோரமாகவும் காட்டின் ஊடாகவும் ஒரு நீண்ட பட்டையைத் தேர்ந்துகொண்டு, அதன் இரு விளிம்பிலும் புல்லையும் புதரையும் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். நடுவில் எஞ்சும் காய்ந்த புல்லைக் காற்றுக்கு எதிர்முகமாகக் கொளுத்துகிறார்கள். காற்றோடு ஓடும் தீ ஆளை முந்திவிடும். காற்றை எதிர்த்து வரும் தீயோ முழங்கால் உயரத்தில் மெல்ல ஊர்ந்து வரும். சரிவான நிலமென்றால் மேலிருந்து கீழ்நோக்கிக் கொளுத்த வேண்டும், ஏனெனில் தீக்கு ஏற்றம்தான் பிடிக்கும். இப்படிக் கரிந்து கிடக்கும் பட்டைக்கு, பங்குனியில் எங்கிருந்தோ வரும் பெருந்தீ வந்து சேரும்போது, தின்ன ஒன்றும் இராது. அண்ணாமலைச் சரிவுகளில் மரம் வளர்க்கும் தன்னார்வலர்களும் ஆண்டுதோறும் புல்லறுத்து இத்தகைய கோடுகளைப் போட்டு வருகிறார்கள்.

குழுவில் பதினான்கு பேர். பெரும்பாலோர் அப்பகுதியின் இருளரும் குறும்பரும். இருவர் கையில் முறுக்கிய புல்பந்தம், மற்றவர்களிடம் பச்சைத்தழைக் கொத்து. ஒருவர் முதுகில் நீர்த்தெளிப்பான். பனியின் ஈரம் காய்ந்ததற்கும் காற்று எழுவதற்கும் இடையே கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரந்தான் அவர்களுடைய முகூர்த்தம். தீ நகரத் தொடங்கியதும் கரிச்சான் குருவிகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டன, தப்பி எழும் பூச்சிகளைப் பிடிக்க. மூங்கில் கணுக்கள் வெடித்தபோது நாம் திடுக்கிட்டதைக் கண்டு குழுவினர் சிரித்தார்கள். எரித்து முடித்தபின் இருக்கும் வேலைதான் நீளமானது. காய்ந்த யானை லத்தி உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்குமாம். ஒவ்வொன்றாக உடைத்து, நீர் தெளித்து, புறங்கையை அருகே வைத்துப் பார்த்து, பிறகே நகர்கிறார்கள். மாணவர் ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தார். பதினான்கு, மறுபடியும் பதினான்கு.

இரண்டாம் நாள் காலையில் பாதிப் பட்டை எரிந்திருந்தது. குழுவிலிருந்த முதிய இருளர் ஒருவர் சற்று நேரம் புகையைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி புழுதியை எடுத்து விரலிடையே விட்டார். "இன்னிக்கு வேண்டாம் சார்" என்றார். அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. மாணவர் உடனே "நிறுத்துங்க" என்றார். குழுவினர் எரிந்துகொண்டிருந்த முனையை அடித்து அணைத்தார்கள். இத்தனை நாளுக்குள் இத்தனை கிலோமீட்டர் முடிய வேண்டும் என்று மேலிருந்து ஒரு கணக்கு உண்டு. மதியம் தொலைபேசியில் வந்த குரல் நமக்கே கேட்டது. மாணவர் "ஆமாங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டாரே தவிர, பெரியவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிறுத்தியது தாம்தான் என்றார்.

அன்று மாலைவரை பெருங்காற்று எதுவும் வீசவில்லை. நமக்கோ உள்ளூர ஓர் ஏமாற்றம். இரவு அதைக் கேட்டும் விட்டோம்.

"தெருவில பாவு போடறப்பவும் இப்படித்தானே ஐயா. மழை வரும்னு அப்பா சுருட்டச் சொல்லுவாரு. மழை வராது. அதுக்காக யாரும் அவரைக் கேட்டதில்லை. நனைஞ்சா போறது ஒரு சேலையா?"

காஞ்சித் தெருக்களில் விடிகாலையில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், காற்றையும் வானத்தையும் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய குழுவின் தலைவரைப் 'பர்ன் பாஸ்' என்று அழைக்கிறார்கள். புளோரிடா மாநிலம் 1990இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஈரப்பதம், காற்றின் வேகம், திசை என்று எழுதிவைத்த பட்டியலில் ஒன்று பொருந்தாவிட்டாலும் தீ வைப்பதில்லை என்பது அங்குள்ள ஒழுங்கு. மசினகுடியில் நாம் பார்த்த பட்டியல் ஒரு முதியவரின் தலைக்குள் இருந்தது.

அந்த அறிவைச் சட்டம் எப்படி நடத்தியது என்பது வேறு கதை. மலைநில மக்கள் காட்டைச் சுட்டுத் தினை விதைத்ததைச் சங்கப் பாடல்கள் பலவற்றில் காண்கிறோம். புதுக்கொல்லைக்கு இதை என்றும் பழங்கொல்லைக்கு முதை என்றும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. ஆங்கிலேய வனத்துறையின் கண்ணுக்கு நெருப்பு என்றாலே பகை. மத்திய மாகாணத்துப் போரி காட்டில் 1864இல் தீயை முற்றாக விலக்கும் முயற்சி தொடங்கியது. சென்னை மாகாணத்தின் 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பர்மாவின் தேக்குக் காடுகளிலும் வடகிழக்கின் சால் காடுகளிலும், தீயை விலக்கியதால் இளங்கன்றுகள் எழவில்லை என்று அதே துறையின் அலுவலர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

நமக்கு அண்டையில், கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள், 'தரகு பெங்கி' என்று ஒரு தீயை மூட்டிவந்தார்கள். சருகுத்தீ என்று பொருள். கோடை முற்றுமுன், சருகு மட்டும் எரியுமாறு மூட்டுவது. 1974இல் அம்மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் அது நின்றுபோனது. அதன்பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்பது அவர்கள் கூற்று. ஆய்வாளர்கள் பலரும் இதைப் பொருட்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அடிக்கடி மூளும் தீ இளங்கன்றுகளைக் கொல்லும் என்பதும், எரிந்த உண்ணி வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதும் மறுபக்கத்து உண்மைகள். பழங்குடியினர் செய்தது எல்லாமே சரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோரிடம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் தெரிந்தவரிடம் கேளாமலே தடை போட்டதை எப்படி ஏற்பது?

இப்போதைய சிக்கல் இன்னும் கடியது. தடையை நீக்கிவிட்டால் பழைய தீ திரும்பி வந்துவிடாது. மூன்றாம் நாள், முந்தைய நாள் பாதியில் விட்ட இடத்துக்கு நம்மை அந்தப் பெரியவர் அழைத்துச் சென்றார். பட்டைக்கு அப்பால் ஆளுயரத்துக்கு மேல் உண்ணிப்புதர் பின்னிக் கிடந்தது. சில தண்டுகள் மரக்கிளைகளைப் பற்றி ஏறியிருந்தன.

"எங்கப்பா வச்ச தீ கீழேயே போகும். இது இப்ப ஏணி மாதிரி நிக்குது. இதுல பிடிச்சா உச்சிக்குப் போயிடும். அப்புறம் நான் சொன்னா கேக்காது."

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் பரவிய தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்து 23 பேரைப் பலிகொண்டது. அதைப் பற்றி அவரிடம் பேச்செடுத்தோம். சரிவில் தீ எழுந்தால் மேல்நோக்கி ஓடக் கூடாது என்று சொல்லித்தர அவர்களோடு யாராவது இருந்தார்களா என்று மட்டும் கேட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

உண்ணியை முதலில் வேரோடு எடுக்க வேண்டும் என்பதுதான் மாணவரும் பெரியவரும் கண்ட முடிவு. எடுத்த தண்டுகள் வீணாவதில்லை. நீலகிரிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித்தண்டால் செய்த ஆளுயர யானைகள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் போய் நின்றன. ஆனால் ஒரு புதரை எடுக்கவே நான்கு பேருக்கு அரைநாள் ஆகிறது. அந்தப் பட்டைக்கு அப்பாலிருந்த இரண்டு ஏக்கரை மட்டும் இந்த ஆண்டு எடுத்து முடித்திருப்பதாகவும், மழைக்குப்பின் அங்கே புல் வந்திருப்பதாகவும், காட்டெருமைகள் மேய இறங்குவதாகவும் அண்மையில் தொலைபேசியில் சொன்னார் மாணவர். தையில் அதைக் கொளுத்தலாமா என்று பெரியவரைக் கேட்டாராம். பார்க்கலாம் என்றாராம் அவர்.