இருளிற் கிடைத்த சான்று

ஆய்வுகூடத்தில் நான் கழித்த ஆண்டுகளில் என்னை அதிகம் மகிழ்வித்த படமும் அதிகம் வெட்கப்படுத்திய படமும் ஒன்றே. ஆய்வுத்துறையிற் புதிதாகக் காலடி வைக்கும் மாணவர்க்குப் பயன்படக்கூடும் என்னும் துணிவிலேயே அதன் கதையை இங்கு எழுதுகின்றேன்.

கலாநிதிப் பட்டத்திற்காக நான் எடுத்துக்கொண்டது சுண்டெலியின் மூளை. மூளையில் ஒரு நரம்புக்கலம் மற்றொன்றைத் தூண்டும்போது பெரும்பாலும் குளுத்தமேற்று என்னும் பொருளையே சுரக்கின்றது. அதனை ஏற்றுக்கொள்ளும் புரதங்கள் வாங்கிகள் எனப்படும். அவற்றுள் 'அம்பா' வகை வாங்கிகளை ஆக்கும் உப அலகுகள் நான்கு. முதலாவதற்குரிய பரம்பரையலகு 1989 இல் அமெரிக்காவின் சோல்க் நிறுவகத்திற் கண்டறியப்பட்டது. அந்த உப அலகு நரம்புக்கலத்தின் எவ்விடங்களில் அமைந்துள்ளது என்பதே என் வினா.

கண்ணுக்குப் புலப்படாத புரதத்தைக் காட்டித்தர வல்லது பிறபொருளெதிரி. வாங்கியின் சிறு துண்டொன்றை முயலின் உடலிற் செலுத்தினால், அவ்வுடல் அதனை அந்நியப் பொருளெனக் கொண்டு, அதனோடு ஒட்டும் பிறபொருளெதிரியை ஆக்கும். அதனை மூளையின் மெல்லிய வெட்டுமுகத்தில் இட்டு, ஒளிரும் சாயம் பிணைக்கப்பட்ட இன்னொரு பிறபொருளெதிரியால் தொடர்ந்தால், ஒட்டிய இடம் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒளிரும். ஒளிரும் சாயத்தைப் பிறபொருளெதிரியோடு பிணைக்கும் உத்தியை 1941 இல் அல்பேட் கூன்ஸ் தொடக்கிவைத்தார்.

விலைக்கு வாங்கிய சிறு குப்பி ஒன்றை நம்பி ஓராண்டு உழைத்தேன். ஹிப்போகம்பஸ் பகுதியின் கலங்கள் பச்சை ஒளியிற் கிளைவிரித்து நின்றன. முயலுக்குச் செலுத்திய அதே துண்டைப் பிறபொருளெதிரியோடு முன்கூட்டியே கலந்து இட்டபோது ஒளி மறைந்தது. இதனைப் போதிய சான்றென்று கொண்டேன். பேராசிரியர் மட்டும் நிறைவடையவில்லை. பிறபொருளெதிரி அத்துண்டோடு ஒட்டும் என்பதைத்தான் அச்சோதனை காட்டும். மூளையில் வேறெதனோடும் ஒட்டாது என்பதைக் காட்டாது என்றார்.

அவர் சொற்படி, அப்பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் மூளையைப் பெற்றுச் சோதித்தேன். அந்த உப அலகு இன்றியும் அவை உயிர்வாழக் கூடியவை. அவற்றின் மூளை இருண்டு தோன்ற வேண்டும். நுணுக்குக்காட்டியிற் கண்வைத்தேன். அதே கலங்கள், அதே கிளைகள், அதே பச்சை ஒளி! இல்லாத பொருளை என் பிறபொருளெதிரி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த வழுக்கிகளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தில் அப்படம் இடம்பெற்றிருந்தது. சுண்டெலிகள் மாறிவிட்டிருக்கலாம், சாயம் பழுதடைந்திருக்கலாம் என்றெல்லாம் எனக்கு நானே வழக்கறிஞனானேன். பத்தாம் நாள் பேராசிரியரின் மேசையில் வழுக்கிகளை வைத்தேன். நெடுநேரம் பார்த்தபின் அவர் சொன்னது இவ்வளவே: "குப்பியின் தொகுதி இலக்கத்தைக் குறித்துவையும். சுருக்கத்தை இன்றே மீளப்பெறும். இதனை நம்பி இன்னொருவர் ஓராண்டை இழக்கக்கூடாது."

இவ்வனுபவம் எனக்கு மட்டும் உரியதன்று எனப் பின்னரே அறிந்தேன். ஒப்பீட்டு நரம்பியலுக்கான ஆய்விதழின் ஆசிரியர் கிளிபர்ட் சேப்பர் 2005 இல் வாசகர்க்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், இத்தகைய விலங்குகளின் இழையத்திலும் பிறபொருளெதிரி ஒட்டியமையால் ஆய்வாளர் சிலர் தம் கட்டுரைகளை மீளப்பெற நேர்ந்ததைக் குறிப்பிட்டுள்ளார்.

இது ஆய்வாளரின் மானம் பற்றிய வினா மட்டுமன்று. 2007 இல் யோசப் தல்மாவும் அவர்தம் குழுவினரும் 12 பெண்களின் நோயை விவரித்தனர். மனக்குழப்பம், மறதி, வலிப்பு ஆகியவற்றால் வருந்திய அவர்களின் உடலே, குளுத்தமேற்று வாங்கிகளுள் மற்றொரு வகையான 'என்எம்டிஏ' வாங்கிக்கு எதிரான பிறபொருளெதிரிகளை ஆக்கியிருந்தது. உரிய காலத்தில் அறிந்தால் இந்நோயினர் பலரைத் தேற்றலாம். அறிவதற்கான ஒரு முறை, வாங்கியை ஆக்குவித்த கலங்களிலும் அவ்வாறு ஆக்குவிக்காத கலங்களிலும் நோயாளியின் முண்ணாண் திரவத்தை இட்டு ஒப்பிடுவதாகும். வாங்கியற்ற கலங்களிலும் ஒளி தோன்றினால், வாங்கியுள்ள கலங்களின் ஒளியை மட்டும் கொண்டு நோயைத் தீர்மானித்தல் இயலாது. நான் பூட்டிவைத்த வழுக்கிகள் ஒரு நோயாளிக்கு உரியவையாக இருந்திருப்பின் அந்த ஒன்பது நாளின் விலை என்னவாக இருந்திருக்கும் என எண்ணும்போது இன்றும் மனம் கூசுகின்றது.

இப்பொழுது புதிய பிறபொருளெதிரி கைக்கு வந்தால், வாங்கி இல்லாத மூளையிலேயே முதலில் இடுகின்றேன். அங்கு இருளைக் கண்ட பின்னரே அடுத்த வழுக்கியை எடுக்கின்றேன்.